என் சாட்சிக்கு நான் பேசக்கூடாது

மார்ச் 4, செவ்வாய்

காலையில் டோக்கன் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து பதிவுக் கவுன்டருக்கு எதிரே நிறுத்தினார்கள். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. நாங்கள் நாலு பேரும் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் சீட்டு எழுதிக்கொண்டிருந்தோம். கவுன்டர் தலைவி மட்டும், "வந்துட்டாரு மாப்பிள்ளை" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. அதற்குப் பிறகு யார் இருப்பார்கள் என்று மேலே கேட்டால் ஏஜென்சியைக் கேள் என்கிறார்கள். ஏஜென்சி மேலே கேள் என்கிறது.

எனக்கென்ன, நான்தான் சைகை மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேனே என்று தெம்பாக இருந்தேன். நிரந்தர வேலை. காது கேளாத ஒருவர் இந்த ஆஸ்பத்திரி வாசலில் கால் வைத்தால் இத்தனை வருடமாக என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எழுதிக்கொண்டிருக்கும் சீட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். அதற்குச் சல்லிக்காசு கிடையாது, ஒரு நன்றியோடு சரி.

மதியம் பதில் வந்தது. "உரிய கல்வித் தகுதி இன்மையால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது." உரிய தகுதி என்றால் இரண்டு வருடம் படித்து வாங்கும் சான்றிதழ்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. நான் முதலில் பேசியது கையால்தான். வாயால் பேசக் கற்றதே பக்கத்து வீட்டு ரேடியோவிலிருந்து. தாய்மொழிக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள்! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

மார்ச் 5

அம்மாவிடம் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அவளிடம் முகத்தை மறைத்து யாராலும் ஜெயிக்க முடியாது.

மார்ச் 6, வியாழன்

கண்டுபிடித்துவிட்டாள். காய்கறிப் பையோடு உள்ளே வந்தவள் என்னைப் பார்த்ததும், "வேலை இல்லையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சரி, விடு" என்றாள், ஒற்றைக் கையால்.

அம்மா கையில் பை இருந்தால் ஒரு கையால் பேசுவாள். அதெல்லாம் போகிற போக்கில் பேசும் பேச்சு. பெரிய விஷயமென்றால் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் ஆரம்பிப்பாள். சின்ன வயதில் அம்மா பையைக் கீழே வைத்தாலே நானும் தம்பியும் ஓட்டம் பிடிப்போம். இன்று பை கீழே இறங்கவில்லை. என் வாழ்க்கையே கவிழ்ந்து கிடக்கிறது, அவளுக்கு அது ஒற்றைக் கை விஷயம்! கோபம் வந்தது. தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். யாருக்குக் கேட்கப்போகிறது?

மார்ச் 10, திங்கள்

நிர்வாக அதிகாரியைப் பார்த்தேன். அம்மா அவருக்கு வைத்த பெயர் சட்டைப்பை. பையில் எப்போதும் நாலைந்து பேனா. காது கேளாதவர்கள் எல்லாருக்கும் ஒரு சைகைப் பெயர் வைத்துவிடுவார்கள். எனக்கு அம்மா வைத்தது, கீழ் உதட்டைத் தொட்டு விரலை வெளியே நீட்டுவது. இந்த வீட்டின் வாய் நான். தம்பிக்குக் காலால் உதைப்பது. வயிற்றில் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டானாம்.

சட்டைப்பை கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு யாரும் சொல்லலம்மா. தெரியும்ங்கறதுக்குக் காகிதம் இல்ல, அவ்ளோதான்."

"சார், போன மாசம் காது கேக்காத ஒருத்தர் நெஞ்சு வலின்னு வந்தாரே, அப்ப காகிதம் கேட்டீங்களா?"

அவர் பேனாவை மூடினார். "மேல்முறையீடு பண்ணுங்க. மூணு பேர் குழு விசாரிக்கும். சாட்சி இருந்தா சேத்துக்குங்க."

மார்ச் 15, சனி

தம்பி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு மேல்முறையீடு எழுத உட்கார்ந்தான். ஊரிலுள்ள ஸ்விட்ச் போர்டையெல்லாம் விட்டுவிட்டு எனக்காக ஒரு சனிக்கிழமை. முதல் வரியே, "நீதியின் வாசலில் நிற்கும் ஓர் அபலையின் குரல்" என்று போட்டான். அபலையை அடித்தேன். "பசுமாட்டுக்கிட்ட போய்ப் பால் விக்க லைசென்ஸ் இருக்கான்னு கேக்கற மாதிரி இருக்கு, இதை எழுதலாமா?" என்றான். நான் பசுமாடா என்று கேட்டதும் அதையும் அடித்தான்.

என் அனுபவம் என்ற தலைப்பில் நிறைய எழுதினோம். தம்பியின் வாத்தியார் அம்மாவை வரச்சொன்ன கதை மட்டும் எழுதவில்லை, சொல்லிச் சிரித்தோம். "இது படிக்காது, கழுதை மேய்க்கத்தான் லாயக்கு" என்று அவர் கத்தினார். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அம்மா பக்கம் திரும்பி, "நல்லாப் படிக்கிறான், விளையாட்டுதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று கையை ஆட்டினேன். அம்மா வாத்தியாரைக் கும்பிட்டுவிட்டு வந்தாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"அன்னைக்கு நீ உள்ளபடி சொல்லியிருந்தா என் தோல் உரிஞ்சிருக்கும்கா. நீதான் அசல் மொழிபெயர்ப்பாளர்."

சாட்சி என்ற இடத்தில் அம்மாவின் பெயரைப் போட்டேன். என் திறமைக்கு அம்மாவைவிட வேறு யார் சாட்சி?

மார்ச் 28, வெள்ளி

தற்காலிகமாக ஒரு பெண்ணை அமர்த்திவிட்டார்கள். சான்றிதழ் உள்ளவள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவள் வீட்டில் எல்லாருக்கும் காது கேட்குமாம்.

மருந்து வாங்க வந்த அம்மா அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, புருவத்தை இரண்டு முறை உயர்த்திக் காட்டினாள். பெயர் வைத்தாகிவிட்டது. சைகையில் கேள்வியெல்லாம் புருவத்தில்தான் இருக்கிறது, இந்தப் பெண் அதைச் சரியாகச் செய்கிறாள். பரவாயில்லையே என்று தோன்றியது. உடனே அப்படித் தோன்றியதற்காக எரிச்சலும் வந்தது.

ஆனால் கை கொஞ்சம் விறைப்பு. நோயாளியிடம் சிரிப்பதில்லை, ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. டாக்டர் "கட்டியா இருக்கலாம்" என்றால் இவளும் அப்படியே "கட்டியாக இருக்கலாம்" என்கிறாள். பாவம் அந்தக் கிழவர், முகமே செத்துப்போயிற்று. நானாக இருந்தால் பக்குவமாகச் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

விசாரணை நாளை மறுநாள் என்று கடிதம். கடைசியில் ஒரு வரி: சாட்சியின் கூற்றை மனுதாரரே மொழிபெயர்க்க இயலாது, மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளர் அதைச் செய்வார்.

புருவம்!

இது எனக்கு ஏன் முன்னமே உறைக்கவில்லை? என் சாட்சிக்கு நான் பேசக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா என்றால் அதில் நானும் உண்டு என்று இருந்துவிட்டேன். வேறொருத்தி வாயிலிருந்து அம்மா எப்படி வருவாள்?

தம்பியிடம் சொன்னேன். "அதனால என்ன, அம்மா உன்னப் பத்தி நல்லாத்தானே சொல்லப்போறா" என்றான். அதுவும் சரிதான்.

ஏப்ரல் 10, வியாழன்

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நானே இதையும் மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

நீள மேசை. நடுவில் குழுத் தலைவி, வெள்ளை முடி, மெதுவான குரல். ஒரு பக்கம் குழந்தை டாக்டர், மறுபக்கம் சட்டைப்பை. நான் நன்றாகத்தான் பேசினேன். என்மேல் இத்தனை வருடத்தில் ஒரு நோயாளிகூடப் புகார் சொன்னதில்லை என்றபோது டாக்டர் தலையாட்டினார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அம்மா உள்ளே வந்தாள். நல்ல புடவை. உட்கார்ந்ததும் பையைக் கீழே வைத்தாள்.

புருவம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவைப் பார்த்தபடி பேசினாள். நான் எப்போதும் "அம்மா சொல்றாங்க" என்றுதான் ஆரம்பிப்பேன். இவள் நேராக "நான்" என்றாள். "நான் தையல் வேலை பார்த்தேன். எனக்கு ரெண்டு பிள்ளைங்க." தூக்கிவாரிப்போட்டது. அம்மாவுக்கு ஒரு குரல் வந்துவிட்டது, அது என்னுடையது இல்லை.

தலைவி கேட்டார்: "உங்க பொண்ணு டாக்டர் சொல்றதை எல்லாம் உங்களுக்குச் சொல்வாங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தலைவியைப் பார்த்தாள்.

"டாக்டர் ரொம்ப நேரம் பேசுவார். என் பொண்ணு கை ரெண்டு தடவை அசையும். மீதி எங்க போச்சுன்னு நான் கேட்டதில்ல."

அம்மாவின் கை நிற்கவில்லை. புருவத்தின் குரலும் நிற்கவில்லை.

"இவ அப்பா இந்த ஆஸ்பத்திரிலதான் இருந்தார். கடைசி நாள் டாக்டர் இவகிட்ட பேசினார். சரியாயிடும், நீ வீட்டுக்குப் போய்ப் படும்மான்னு என்கிட்ட சொன்னா. நான் போய்த் துணி துவைச்சேன். அவர் சட்டையைத்தான் துவைச்சேன், திரும்பி வந்தா போட்டுக்கணுமேன்னு. தெரிஞ்சிருந்தா போயிருக்க மாட்டேன்."

சட்டைப்பை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ நல்லவ. என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னு சின்னதுல இருந்து குறுக்க நின்னவ. அவ மேல குத்தம் இல்ல, பத்து வயசுல நாங்கதான் அங்க நிறுத்தினோம். வேலை கொடுக்கறதா இருந்தா, முதல்ல அந்தப் படிப்பைக் கொடுங்க."

புருவத்தின் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் உடைந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை விடவில்லை. எல்லாம் அம்மா சொன்னதுதான், அப்படியே. எனக்குத் தெரியாதா அம்மாவின் கை?

ஏப்ரல் 11

பேசவில்லை. அவளும்தான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

தாங்கவில்லை. சமையலறையில் மறித்துக்கொண்டு நின்றேன். ஏம்மா, அப்பா போய் இத்தனை வருஷம் ஆச்சு, ஒரு நாளாவது என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? ஊர்பேர் தெரியாத மூணு பேர் முன்னாடிதான் சொல்லணுமா? என் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டியே! போன வேகத்தில் பாதி சைகை எனக்கே புரியவில்லை.

அம்மா அடுப்பை அணைத்தாள்.

"உன்கிட்ட சொன்னா நீ அழுவ. நீ அழுதா நான் சமாதானம் பண்ணணும். அப்புறம் நான் சொல்ல வந்தது போயிடும். வேற யார்கிட்ட சொல்றது? எனக்கு இருந்த ஒரே வாய் நீதான்."

அழத்தான் செய்தேன். சமாதானம் செய்யத்தான் செய்தாள்.

ஏப்ரல் 24, வியாழன்

மேல்முறையீடு தள்ளுபடி. தகுதி விதியைத் தளர்த்தக் காரணம் இல்லையாம். மாலை வகுப்பில் சேர விரும்பினால் மருத்துவமனை பரிந்துரைக் கடிதம் தருமாம். ஆறுதல் பரிசு.

கவுன்டரில் உட்கார்ந்தபடி ஒன்று யோசித்தேன். ஒரு நோயாளிகூடப் புகார் சொன்னதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேனே. சொல்ல நினைத்தவர்கள் யார் வழியாகச் சொல்லியிருப்பார்கள்? என் வழியாகத்தானே.

ஜூன் 30, திங்கள்

கடைசி நாள். கவுன்டர் தலைவிக்கும் எனக்கும் சேர்த்து ஒரே மாலை வாங்கியிருந்தார்கள், மாற்றி மாற்றிப் போட்டுப் படம் எடுத்தோம். மெஷின் அதுபாட்டுக்குச் சீட்டுத் துப்பிக்கொண்டிருந்தது. நாளை முதல் எதிரே உள்ள மருந்துக் கடையில் பில் போடும் வேலை. சம்பளம் குறைவு, உட்கார நாற்காலி உண்டு.

ஜூலை 16, புதன்

மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். அங்கே நான்தான் மூத்தவள். பிள்ளைகள் என்னை ஆன்ட்டி என்கிறார்கள். டீச்சருக்குக் காது கேட்காது. என் கையைப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு. ஆனா நான் ரெண்டு விஷயம் சொன்னேன், நீ ஒண்ணுதான் சொன்னே" என்றார். தேவையில்லை என்று விட்டேன் என்றேன்.

"யாருக்குத் தேவையில்ல?"

வீடு வரும்வரை அந்தக் கேள்விதான் மனதில் ஓடியது. இன்னும் அம்மா மேல் கோபம் இருக்கிறது. இல்லையென்று எழுதினால் பொய்.

ஆகஸ்ட் 20

முதல் மாதத் தேர்வில் பாஸ் — எட்டிப் பிடித்த பாஸ். என் தாய்மொழியில்!

செப்டம்பர் 9, செவ்வாய்

அம்மாவுக்குக் கொஞ்ச நாளாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. போன வாரம் ஏதேதோ பரிசோதனை எடுத்தார்கள், இன்று முடிவு. கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு கூடப் போனேன். டாக்டர் அறை வாசலில், "நீ இங்கயே இரு" என்றாள். புருவத்தோடு உள்ளே போனாள்.

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. டாக்டரின் வாய் மட்டும் தெரிந்தது. பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். ஒரு தாளில் ஏதோ வரைந்து காட்டினார். புருவத்தின் கை ஓயவே இல்லை. அம்மா பின்பக்கம் காட்டி உட்கார்ந்திருந்ததால் முகம் தெரியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய்விடலாமா என்று இருந்தது. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

வெளியே வந்தார்கள். புருவத்திடம் என்னவென்று கண்ணாலேயே கேட்டேன். எதற்கெடுத்தாலும் ஆடும் அந்தப் புருவம் இம்மியும் அசையவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அம்மா பையைத் தோளில் சரிசெய்துகொண்டு ஒற்றைக் கையை இரண்டு தடவை அசைத்தாள்.

"ஒண்ணுமில்ல. வயசு."

முன்னால் நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள். ஓடிப்போய் எதிரே நின்றேன்.

"மீதி எங்கம்மா?"

என்னையே பார்த்தாள். சிரிப்புபோல ஏதோ உதட்டுக்கு வந்து, நின்றுவிட்டது. சுவரோரம் இருந்த நாற்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள். தானும் எதிரே உட்கார்ந்தாள்.

பிறகு பையைக் கீழே வைத்தாள்.