இரைப்பு நோய்ச் சங்கத்தின் ஆதரவாளர்கள்

1958 நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மொட்டைமாடியில் வைத்த கண்ணாடித் துண்டு நனைந்து வீண். வாஸ்லின் தடவி வைத்தால் காற்றில் வரும் தூசியும் பூந்தாதும் அதில் ஒட்டும். தினம் ஒன்றாக எடுத்துச் சென்னைக்கு அனுப்புவது டாக்டர் எனக்குக் கொடுத்த வேலை. புதுக்கோட்டைக் காற்றில் எது மூச்சை அடைக்கிறது என்று அங்கே ஒருவர் ஆராய்கிறாராம். அந்த ஆராய்ச்சிக்கு உதவத்தான் எங்கள் சங்கம். இரைப்பு நோய் ஆராய்ச்சி உதவிச் சங்கம். தலைவர் டாக்டர். செயலாளர் நான், கணக்கு வாத்தியார்.

நோட்டீஸ் எழுத வேண்டும். கீழே ஆதரவாளர்கள் பெயர். பெரிய பெயர் நாலைந்து இருந்தால்தான் ஊர் திரும்பிப் பார்க்கும் என்கிறார் டாக்டர். கேட்க வேண்டியவர்கள்:

ஓய்வு பெற்ற ஜட்ஜ் (சம்மதம்)
அரிசி ஆலை முதலாளி
காலேஜ் பிரின்சிபால்
பேச்சாளர் வெள்ளைச்சாமி (வெ.சா.), அறந்தாங்கி. இவர் ஒருவர் கிடைத்தாலே போதும்.

ரோசாவுக்கு இன்று இரண்டு மாத்திரை. ஒன்பது வயதில் பிடித்த இரைப்பு, இப்போது இருபத்து மூன்று. மகளுக்குச் சளி என்றுதான் என் மனைவி ஆரோக்கியம் தெருவில் சொல்லி வைத்திருக்கிறாள். பதினாலு வருடமாக அதே சளி.

நவம்பர் 6, வியாழன்

லீவு போட்டு அறந்தாங்கி. பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். குடை கிழிந்தது.

வெள்ளைச்சாமி வீட்டில் நல்ல மரியாதை. காப்பி, முறுக்கு. மேடையில் பார்த்ததைவிட ஆள் சிறிது. விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே சம்மதித்தார்.

"பேரைத் தாராளமாப் போட்டுக்கங்க சார். கூட்டம் வச்சாலும் வாரேன். ஏழை எளியவங்க மூச்சு விடட்டும்."

பிறகு கேட்டார்: "ஒங்க வீட்டுல யாருக்கும் உண்டா?"

"இல்லீங்க."

என் வாயிலிருந்து வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே திகைப்பு. ஆரோக்கியம் தெருவில் சொல்வதை நான் இங்கே சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பேச்சு நின்றது. மேடையில் நிறுத்துவாரே, அதே மாதிரி. ஆனால் நெஞ்சுக்குள் மெல்லிய சீழ்க்கை. பதினாலு வருடம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட சத்தம் எனக்குத் தப்புமா? எழுந்து போய்ச் சன்னலைத் திறந்தேன். உள் அறையிலிருந்து, இரைப்புக்குப் பிடிக்கிற ஊமத்தை இலைப் புகை வாடை.

"சாம்பிராணி போட்டிருக்காங்க," என்றார்.

ஆமாம் என்றேன். ஒரே அறையில் இரண்டு பொய்.

நவம்பர் 9, ஞாயிறு

மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போனோம். சாம்பிராணிப் புகைக்குப் பயந்து ரோசா கடைசி வரிசையில், கதவோரம். பக்தி குறைவு என்று யாரோ ஆரோக்கியத்திடம் சொன்னார்களாம்.

அரிசி ஆலை முதலாளி மறுத்துவிட்டார். "நல்ல காரியந்தான் சார். ஆனா எம் பேரைப் போட்டா எனக்கு இருக்குன்னுல்ல நெனச்சுருவாங்க? அப்புறம் காசம்னுருவாங்க. மூணு பொண்ணு வச்சிருக்கேன்." தவிடும் உமியும் பறக்கிற இடத்தில் நின்று பேசினோம். பின்னால் மூட்டை தூக்குகிறவர் ஒருவர் குனிந்து இருமிக்கொண்டே இருந்தார். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிரின்சிபால் சம்மதம், ஆனால் பெயர் சின்ன எழுத்தில் இருக்கட்டுமாம்.

நவம்பர் 13, வியாழன்

தீபாவளி வெடிப் புகை இன்னும் தெருவை விட்டுப் போகவில்லை. ரோசாவுக்கு மூன்று நாளாகச் சரியில்லை. தலையணை நான்கு அடுக்கி, சாய்ந்தபடி தன் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுத் திருத்துகிறாள். திங்கள் அன்று டாக்டர் வந்து ஊசி போட்டார்.

வாசல் வரை கூட வந்தேன். "பெரிய மனுசங்க பேரு சேருது சார்," என்றார். "ஆனா ஒருத்தராச்சும் மேடையில நின்னு, 'எனக்கு இருக்கு, இது காசம் இல்ல, ஒட்டாது'ன்னு சொல்லணும். அதுவரைக்கும் சனங்க எங்கிட்ட பின்வாசல் வழியாத்தான் வருவாங்க."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். அதுதான் வலித்தது.

வெ.சா.வுக்குக் கடிதம் எழுதினேன். மேடையில் தங்கள் அனுபவத்தையும் சொன்னால் நலம் என்று. 'அனுபவம்' என்பதை நாலு முறை அடித்து எழுதினேன்.

நவம்பர் 17, திங்கள்

மூன்றாம் பீரியடில் பியூன் வந்து கூப்பிட்டார். வெளியே கார். வெ.சா. பின் சீட்டில். என்னையும் ஏறச் சொல்லி, டிரைவரை டீ குடிக்க அனுப்பிவிட்டார்.

கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. களைப்புதான்.

"பதினெட்டு வருசமா மேடை சார். நான் நிறுத்தி நிறுத்திப் பேசுறதை ஒரு பாணின்னு சொல்றாங்க. சின்னப் பயலுக அதை அப்படியே பேசிக் காட்டுறாங்க. அது பாணி இல்ல சார். மூச்சு."

டிரைவர் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

"அடுத்த தேர்தல்ல நிக்கச் சொல்றாங்க. சீக்காளின்னு தெரிஞ்சா எவன் நிறுத்துவான்? சரி, அது கெடக்கட்டும். எங்கிட்ட கேக்குறீங்களே, நீங்க ஏன் சொல்லலை?"

"எனக்கு இல்லீங்களே."

"அன்னைக்கு எனக்கு இரைச்சப்ப எந்திரிச்சுப் போயிச் சன்னலைத் தொறந்தீங்க. மத்தவங்கன்னா தண்ணி கொண்டாரச் சொல்லுவாங்க. வீட்டுல ஆள் இருக்கவனுக்குத்தான் சன்னல் ஞாபகம் வரும். யாருக்கு சார்? சம்சாரத்துக்கா?"

"மகளுக்கு." சொல்லிவிட்டேன். காரின் கண்ணாடி முழுக்க எங்கள் மூச்சு படிந்திருந்தது.

வரும் 29ஆம் தேதி கூட்டத்தில் இரண்டு பேரும் சொல்வது என்று பேசிக்கொண்டோம். வரவேற்புரையில் முதலில் நான். கடைசியில் அவர். கை கொடுத்தார். விரல்கள் நடுங்கின. மாத்திரை செய்கிற நடுக்கம், ரோசாவுக்கும் அப்படித்தான்.

வீட்டில் சொல்லவில்லை.

நவம்பர் 20, வியாழன்

இலுப்பூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையும் வாத்தியார். நல்ல பையன், அதிகம் பேசவில்லை. ரோசாவின் மேசையில் இருந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்து, அதே இடத்தில் சரியாக வைத்தான்.

முன்கூட்டியே மாத்திரை போட்டு உட்கார்ந்திருந்தாள். காப்பித் தம்ளர் கையில் ஆடியது. "பொண்ணுக்கு வெக்கம்," என்று பையனின் அம்மா சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். ரோசாவும்.

கிறிஸ்துமஸ் முடிந்து நிச்சயம். தையில் கல்யாணம்.

அவர்கள் போனதும் ஆரோக்கியம் சமையலறையில் என்னை நிறுத்தினாள். எப்படித் தெரிந்ததோ.

"கூட்டத்துல நீங்க எதையும் ஒளறி வைக்காதீங்க. ஒங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன்."

உண்மையிலேயே குனிந்தாள். தூக்கி நிறுத்தினேன்.

நவம்பர் 29, சனி

கூட்டம் முடிந்தது. மண்டபம் நிறைய ஆள். வெ.சா.வைக் கேட்கத்தான். மழைக்கு ஒதுங்கியவர்களும் உண்டு. ஜட்ஜ் தலைமை. மாலைகளை மேசையிலேயே வைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர், பூந்தாது ஆகாது என்று. அதற்கும் சிரிப்பு.

வரவேற்புரை. எழுதி வைத்திருந்த தாளில் கடைசி வரி: 'என் மகளுக்கும் இந்த நோய் உண்டு.' அதற்கு முந்தின வரியோடு நன்றி சொல்லி உட்கார்ந்தேன். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ரோசா. அவளுக்கு எதுவும் தெரியாது. கை தட்டினாள்.

வெ.சா. முக்கால் மணி நேரம் பேசினார். கல்லும் கரையும் பேச்சு. நோயாளிகளை 'அவர்கள்' என்றார். முதலிலிருந்து கடைசி வரை அவர்கள், அவர்கள். நிறுத்தின இடங்களில் எல்லாம் கைதட்டல்.

காரில் ஏறும்போது கிட்டத்தில் வந்தார். "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"முடியலீங்க."

"எனக்கும்தான்." அவ்வளவே. கார் போய்விட்டது.

டிசம்பர் 3, புதன்

வெ.சா. இறந்துவிட்டார். ஸ்டாஃப் ரூமில் பேப்பர் படித்த ஒருவர் சொன்னார். வெளியூர்க் கூட்டம் முடிந்து டிராவலர்ஸ் பங்களாவில் தங்கியவர், காலையில் கதவு திறக்கவில்லை. மாரடைப்பு என்று போட்டிருக்கிறது.

நாலாம் பீரியடில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டேன். பிள்ளைகள் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

டிசம்பர் 4, வியாழன்

அறந்தாங்கிக்கு நானும் டாக்டரும். மழையில் கூட்டம், கொடிகள். அடக்கம் முடிந்தபின் வெ.சா.வின் தம்பி ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணனுக்கு மாரடைப்புங்க. கேக்குறவங்களுக்கு அப்படியே சொல்லுங்க. ஒங்க நோட்டீஸ்ல இனிமே அவரு பேரு வேணாம். ஊர்ல ஒரு மாதிரி பேசுறாங்க."

சரி என்றார் டாக்டர்.

கிளம்பும்போது வெ.சா.வின் மனைவி கொல்லைப்பக்கம் அழைத்தார். கையில் தகர டப்பா. ஊசி, மருந்துக் குப்பிகள் இரண்டு. "இது வேற யாருக்காச்சும் ஆகும்."

அழவில்லை. மெதுவாகச் சொன்னார்: "ஊசி போடுறதை யாரும் பாத்துறக் கூடாதுன்னு எங்கிட்டுப் போனாலும் தாப்பாப் போட்டுக்குவாரு. டிரைவரு அடுத்த ரூம்புலதான் படுத்திருந்தாராம். ஏதோ தட்டுற சத்தம் கேட்டுச்சாம். சன்னல் கதவு காத்துல ஆடுதுன்னு நெனச்சாராம்."

திரும்பும் பஸ்ஸில் டப்பா என் மடியில்.

டிசம்பர் 6, சனி

ரோசாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறந்தாங்கியில் 'இல்லீங்க' என்றது, காரில் பேசிக்கொண்டது, படிக்காமல் விட்ட கடைசி வரி. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அந்தத் தாளு இருக்காப்பா?"

கொடுத்தேன். படித்தாள். மடித்து வைத்துக்கொண்டாள்.

"இலுப்பூருக்கு நீங்க எழுதுறீங்களா, நான் எழுதட்டுமா?"

"கொஞ்சம் பொறும்மா. நிச்சயம் முடியட்டும்."

"முடிஞ்சப்புறம் நானும் தாப்பாப் போட்டுக்கிட்டுத்தான் மூச்சு விடணும்."

அவளே எழுதினாள். பத்து வரி. நோயின் பெயர், மாத்திரையின் பெயர், ஒட்டாது என்று டாக்டர் சொன்னது. தபாலில் போட்டது நான். ஆரோக்கியம் அடுப்புப் பற்றவைக்கவில்லை. மூன்று பேருக்கும் கடையில் இட்லி. யாரும் சாப்பிடவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

இலுப்பூரிலிருந்து பதில். கவர்கூட இல்லை, கார்டு. 'தங்கள் மகளுக்கு வேறு நல்ல இடம் அமைய ஆண்டவரை வேண்டுகிறோம். தங்கள் மகளின் உடம்பு விரைவில் குணமாகட்டும்.' தபால்காரர் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. படித்திருக்கிறார்.

பையனின் எழுத்து இல்லை. அவன் அப்பாவுடையது. பையன் என்ன சொன்னான் என்று தெரியப்போவதில்லை.

ரோசா கார்டை வாங்கிப் பார்த்தாள். "நல்ல கையெழுத்து," என்றாள். மத்தியானத்திலிருந்து இரைப்பு கடுமை. மழையா, கார்டா, யார் கண்டது. தெருப்பக்க அறையில், சன்னலைத் திறந்து வைத்தே உட்கார்ந்திருக்கிறாள். ஆரோக்கியம் இரண்டு முறை சாத்தினாள். இரண்டு முறையும் ரோசா திறந்தாள். மூன்றாவது முறை ஆரோக்கியம் சாத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டாள், தெருவுக்குத் தெரியும்படி.

சாயங்காலம் ரோசாவின் பள்ளியிலிருந்து ஆள். காசம் இல்லை என்று சர்டிபிகேட் கொண்டுவந்த பிறகு வேலைக்கு வந்தால் போதுமாம். அவ்வளவு சீக்கிரம் அங்கே செய்தி போயிருக்கிறது.

டிசம்பர் 15, திங்கள்

மழை விட்டது. கண்ணாடித் துண்டு சென்னைக்கு. சர்டிபிகேட் கொடுத்தாயிற்று. பள்ளியிலிருந்து பதில் இல்லை.

அச்சகத்துக்குப் போனேன், நோட்டீஸ் மறுபதிப்புக்கு. வெ.சா. பெயரை என் கையாலேயே அடித்தேன். பிரின்சிபாலும் விலகிக்கொண்டார். மிஞ்சியது ஜட்ஜ், டாக்டர். அதற்குக் கீழே காலையில் ரோசா தானே எழுதிக் கொடுத்தது: ச. ரோசம்மாள்.

அச்சகக்காரர் பென்சிலை எடுத்தார். "மத்தவங்களுக்கெல்லாம் பேருக்குப் பின்னாடி பட்டமோ பதவியோ இருக்கு. அம்மாவுக்கு என்ன போடுறது சார்?"

"நோயாளின்னு போடுங்க. எம் மகதான்."

பென்சில் நின்றது. கடையில் வேறு ஆள் இல்லை, இருந்தும் வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"எங்க வீட்டுலயும் சார். சம்சாரத்துக்கு. எட்டு வருசமா."

"அவங்க பேரையும் சேத்துக்கலாமா?"

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"வேணாம் சார்," என்றார். திரும்பி நின்றுகொண்டு எழுத்துக் கோக்க ஆரம்பித்தார்.