மணி நன்றாகத்தான் அடித்தது

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையாகவே நலம். நேற்று ஸ்கேன் முடிவு வந்தது. கட்டி இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்றார் டாக்டரம்மா. இவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் மூக்கைச் சிந்திவிட்டு, ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்.

நான்கு மாதமாக உன் போனை எடுக்காமல் இரண்டு வரி மெசேஜோடு நிறுத்திக்கொண்டேன். போன வருடச் சண்டையை மனதில் வைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். அது இல்லை அக்கா. எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை.

மூன்றாவது தடவை மருந்து ஏற்றியதும் காதுக்குள் விசில் ஊதுவது போல ஓர் இரைச்சல். நடுவில் காய்ச்சல் வந்து பத்து நாள் ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு கூடிவிட்டது. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். உயிரா காதா என்று எனக்குள்ளேயே கேட்டு, உயிர் என்று முடிவு கட்டி, வாயை மூடிக்கொண்டேன். படித்தவள் செய்கிற வேலையா இது?

இதற்குள் எங்கள் பேக்கரியில் மூன்று தட்டு பன் கருகிவிட்டது. அடுப்பின் டைமர் பழுது என்று எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். ஒரு கோளாறும் இல்லை என்று போனவரை மறுவாரமே திரும்பக் கூப்பிட்டேன். டைமரைக் கழற்றி என் காதோரம் பிடித்தார். "இது தெருவையே எழுப்புதேக்கா. உங்களுக்குக் கேக்கலையா?" என்றார். மாவு பிசைந்துகொண்டிருந்த இவர் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார்.

பரிசோதித்ததில், கீச்சென்ற ஒலிகள் எனக்குக் கேட்காமலே போயிருந்தன. புற்றுநோய் மருந்தும் செய்யுமாம், காய்ச்சலுக்குப் போட்ட ஆன்டிபயாடிக்கும் செய்யுமாம். இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். போனது திரும்பாது. டாக்டரம்மா கோபப்பட்டார் என்று சொல்ல முடியாது, அலுத்துக்கொண்டார். "வேற மருந்து இருக்கும்மா. நீங்க சொன்னாத்தானே மாத்த முடியும்?"

அப்படி ஒரு வழி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அக்கா.

மிச்ச இரண்டு தடவையும் வேறு மருந்துதான் ஏற்றினார்கள். வேறு வழியே இல்லாவிட்டால் தவிர அந்தக் காய்ச்சல் ஊசி கூடாது என்று ஃபைல் அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. போன வாரப் பரிசோதனையில் கேட்கும் திறன் அதற்கு மேல் குறையவில்லை. அடுத்த மாதம் காதில் மாட்ட ஒரு சின்னக் கருவி தருவார்கள். ஸ்கேன் முடிவு தெரியாமல் இதையெல்லாம் உன்னிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சின்ன வயதில் உன் குரலை ஆம்பளைக் குரல் என்று கேலி செய்து அழவைப்பேன், நினைவிருக்கிறதா? இப்போது என் மகள் பேசினால் பாதிச் சொல் நழுவிப்போகிறது. கனத்த குரல்கள்தான் முழுசாக வந்து சேர்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. கூப்பிடு, எடுக்கிறேன். திட்டுவதாக இருந்தால் நிதானமாகத் திட்டு. ஒன்று விடாமல் கேட்க வேண்டும்.

நீ நூறு வயது நன்றாயிருக்க வேண்டும்.

உன் தங்கை