தூக்குச்சட்டிக்கு ஓர் இடம்

திருநின்றவூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு, ஜெபா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். அப்பாவின் மூட்டுவலி குறைந்ததா? போனில் உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது, அதனால்தான் கடிதம்.

எங்கள் கம்பெனி கார் விற்பனையில் பின்தங்கிவிட்டது. போட்டிக் கம்பெனி காருக்குள் பன்னிரண்டு அங்குலத் திரை வைத்தால், எங்கள் மேனேஜர் தினகரன் சார் பதினைந்து வைக்கச் சொல்வார். ஏசியைக் கூட்டுவதற்குக்கூடத் திரையைத்தான் தடவ வேண்டும். காரின் உட்புறத்தை வரைகிறவள் நான். திருகுகிற பட்டனே போதும் என்றேன். யார் கேட்டார்கள்?

நேற்று வானகரத்தில் பொதுமக்களைப் புதுக் காரில் ஏற்றிக் கருத்துக் கேட்டோம். சார் ஓட்டினார். பின்சீட்டில் என் பக்கத்தில் நாகம்மா என்ற அம்மாள், மகள் வீட்டுக்குக் கொண்டுபோகிற மீன்குழம்புத் தூக்குச்சட்டியோடு.

"வேர்க்குது, ஏசிய கூட்டு நைனா."

சார் திரையில் ஏசியைத் தேடினார், வேகத்தடையைப் பார்க்கவில்லை. பாதிக் குழம்பு என் மடியில். ஆறிய குழம்புதான், பயப்படாதீர்கள்.

நாகம்மா கத்தினார்: "டிவி ஊட்லயே கீது நைனா! எம்பொண்ணுக்கு எடுத்துகினு போற கொயம்ப வைக்க எடம் கீதா? அத்த சொல்லு!"

வெள்ளிக்கிழமைக்குள் தூக்குச்சட்டிக்கு இடம் வரைந்து தரச் சொல்லிவிட்டார் சார். இந்தக் காரும் விற்காவிட்டால் எங்கள் பிரிவையே மூடிவிடுவார்களாம். அப்பாவிடம் சொல்லாதீர்கள்.

நம் வீட்டுத் தூக்குச்சட்டியின் அடி எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதுங்கள். வேண்டாம், நீங்கள் சாண் கணக்கில் எழுதுவீர்கள். சட்டியையே பஸ் பார்சலில் போட்டுவிடுங்கள். முந்திரிக்கொத்து சுட்டு நிரப்பி அனுப்புங்கள். ஆசைக்கு இல்லை அம்மா, வெறும் சட்டியை வைத்துச் சோதித்தால் சரிவராது.

கோயிலில் ஆராதனைக்கு முதல் மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். இரண்டு சட்டி இருந்தால் இரண்டையும் சோதிக்கலாம்.

உங்கள்
ஜெபா