ஆல்டர் ஆன பீஸ்

நவ. 10, திங்கள்
காலையிலிருந்து தூறல். பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் வெள்ளை டி-ஷர்ட் மலை மாதிரி. கறை, ஓட்டை இருக்கும் இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. ஒட்டிய பீஸ் ஆல்டருக்கு, அதாவது சரிசெய்யப் போகும். சாயங்காலமானால் காய்ச்சல், மூன்று வாரமாக இதே கூத்து. இன்று இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள். சூப்பர்வைசர் அக்கா: "சாயம் ஒத்துக்கலீங்க, எண்ணெ பூசுங்க." ஒரு வாரமாக வெள்ளைத் துணிதான் பார்க்கிறேன். எந்தச் சாயம்?

நவ. 11
தோல் டாக்டர். அழுத்திப் பார்த்தார், புள்ளி மறையவில்லை. ரத்தக்குழாய் அழற்சியாம். ரத்தம், யூரின் கொடுத்தாயிற்று. நாளை ரிசல்ட் பார்த்து ஸ்டீராய்டு மாத்திரை.
"முன்னாடி ஏதாச்சும் நோய் இருந்துச்சுங்களா?"
"இல்லீங்க."
வீட்டில் குளிக்கும்போது நெஞ்சுத் தழும்பில் கை பட்டது. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, ஏழு வயதில் ஆபரேஷன் செய்து அடைத்தது. மறைக்கவில்லை, நினைவிலேயே இல்லை. ஆல்டர் செய்து பாஸ் ஆன பீஸை யார் திரும்பப் பார்க்கிறார்கள்?
வெள்ளகோவிலில் அம்மாவுக்கு போன். "அதுதான் அப்பவே அடைச்சாச்சே கண்ணு. இப்பப் போயி எதுக்குக் கிளறுறே?" பயம் அவளுக்கு. எனக்கும்தான். ஆனாலும் சொல்லப்போகிறேன்.

நவ. 12
லீவு. முதல் டோக்கன். தழும்பு, காய்ச்சல், போன மாதம் பல் பிடுங்கியது, எல்லாம் ஒரே மூச்சில். டாக்டர் பேனாவை மூடினார். "நல்லவேளை சொன்னீங்க. மாத்திரை இப்ப வேண்டாம். இன்னைக்கே கோயமுத்தூர் போங்க, முதல்ல இதயத்தைப் பாக்கணும்."

நவ. 14
இதய வார்டு. எக்கோ ஸ்கேனில் பழைய தையலோரம் சின்னக் கசிவு, அங்கே கிருமி. பல் வழியாகப் போயிருக்கலாமாம். கால் புள்ளியும் அதன் வேலைதான். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாம்; அதை மட்டும் விழுங்கியிருந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம்.
வேண்டியவை: சீப்பு, சார்ஜர், பழைய நைட்டி இரண்டு.
"ஆறு வாரம் ஊசியா புள்ள?" வீட்டுக்காரர் முகம் தொங்கிவிட்டது.
"ஆறு வாரந்தானுங்க," என்றேன்.

நவ. 17
காய்ச்சல் இல்லை. இட்லி இறங்கியது. இவரிடம் சொல்லி வைத்த அம்பு ஸ்டிக்கர் வந்துவிட்டது. போன் கவரில் ஒன்று, மருந்து ஃபைலில் ஒன்று. பக்கத்தில் பெரிதாக எழுதினேன்: இதயத்தில் தையல் உண்டு, பல்லில் கை வைக்கும் முன் கேட்கவும். மூன்றாவது, நைட்டியில் நெஞ்சுக்கு நேராக.
ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "இதென்னங்க?"
"ரீசெக்கிங்குங்க. இனி வருசா வருசம்."