என் முகத்தின் மேல் நீ வைத்த குப்பைத்தொட்டி

என் தங்கையைக் கட்டிக்கொண்ட ஒரே காரணத்துக்காக என்னையும் சேர்த்துச் சகித்துக்கொண்ட மச்சான் ஏழுமலைக்கு,

நலமா என்று கேட்பது அபத்தம். ஆனாலும் அங்கே எல்லாம் எப்படி? நினைத்ததும் திறக்கிறதா, இல்லை அங்கேயும் கட்டளை தட்டினால்தான் வேலை நடக்குமா?

இங்கே மாமல்லபுரத்தில் நம் பிரவுசிங் சென்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய மானிட்டர் போய்த் தட்டைத் திரை வந்துவிட்டது. அதன் மேல் பூனை படுக்க இடமில்லை, அது என்னைத்தான் முறைக்கிறது. போன வாரம் வந்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் போனை விரலால் தேய்த்துத் தேய்த்தே எல்லாம் பார்த்தார். நீ இருந்திருந்தால் அன்றைக்கே அது ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்திருப்பாய்.

கடை ஆரம்பித்த புதிதில், இன்டர்நெட் வருவதற்கு முன், நான்தான் ராஜா. கறுப்புத் திரை, அதில் மினுக்கிக்கொண்டிருக்கும் ஒரு கோடு, அவ்வளவுதான் கம்ப்யூட்டர். டாஸ் கட்டளைகள் எனக்கு மனப்பாடம்; செங்கல்பட்டில் டைப்ரைட்டிங் பழகிய கை வேறு. நீ குப்பத்துக்காரன், ஒற்றை விரலால் எதையோ தட்டுவாய். தப்பு என்று வரும். "இன்னா மச்சான் இது, எத சொன்னாலும் தப்புன்னே சொல்லிகினு கீது? இதுக்கு உன் தங்கச்சியே பரவால்ல" என்பாய்.

பிறகு விண்டோஸ் வந்தது, கூடவே மவுஸும் வந்தது. நீ முதல் நாளே பழகிவிட்டாய். நானோ அதை உருட்டிக்கொண்டே மேஜை விளிம்பு வரை போய், "மச்சான், மேஜை பத்தல, அந்த ஸ்டூல இழுத்துப் போடு" என்றேன். தூக்கி நடுவில் வைத்தால் போதும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அந்தக் கதையை நீ முட்டுக்காடு வரைக்கும் பரப்பினாய்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அந்தப் போட்டோ விஷயம். ஒரு காலையில் கடற்கரையில் நீ எடுத்த குடும்பப் படத்தை ஸ்கேன் செய்து, திரைக்குப் பின்னணியாகப் போட்டாய். இடது கோடியில் என் தங்கை கலா, நடுவில் பிள்ளைகள், வலது கோடியில் நான். ஐகான்கள் வழக்கமாக இடது ஓரத்தில் வரிசையாக நிற்கும். நீ ஒவ்வொன்றாக இழுத்து வலது பக்கம் குவித்தாய். அழித்ததைப் போடும் குப்பைத்தொட்டி ஐகான் மிகச் சரியாக என் முகத்தில்.

கடை மூடும்போது நான் அவற்றைப் பழையபடி இடது பக்கம் அடுக்குவேன். மறுநாள் மறுபடியும் என் முகத்தில் குப்பைத்தொட்டி. "ஏன்டா, நான் இன்னா குப்பையா?" என்று கேட்டால், "உடு மச்சான், பேஜாரு பண்ணாத" என்று டீ சொல்லப் போய்விடுவாய். சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, உண்மையிலேயே வலித்தது. பெண் கொடுத்தவன் என்ற மரியாதைகூட இல்லையா என்று நினைத்தேன். நீ போன பிறகும் அந்த முள் உள்ளேயே இருந்தது.

இப்போது கலாவும் கடைக்கு வருகிறாள். புதுத் திரையிலும் அதே படத்தைப் போட்டு, ஐகான்களை என் வழக்கப்படி இடது ஓரத்தில் அடுக்கியிருந்தேன். அகலத் திரை இழுத்த இழுப்பில் நாங்கள் எல்லோரும் குண்டாகிவிட்டோம். கலா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னாண்ணா, நான் எங்க?"

"அந்த ஐகானுக்கெல்லாம் பின்னாடி கீற."

"அவரு இருந்தப்போ நான் எப்பவும் தெரிஞ்சிகினு இருப்பேனே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாள் முழுக்கப் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க ஆசை என்று அவள் அண்ணனிடமே எப்படிச் சொல்வாய்? அதைவிட அந்த அண்ணன் மூஞ்சியை மறைப்பது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அத்தனை ஐகான்களையும் நானே இழுத்து என் மேல் கொட்டிக்கொண்டேன். மனசு லேசாகிவிட்டது மச்சான்.

கலா இன்னும் திரையை விட்டு நகரவில்லை. "இதுல அவருதான் இல்ல" என்றாள்.

"படம் எடுத்தவனே அவன்தானே."

அவள் திரையின் அடியில், ஸ்டார்ட் பொத்தான் இருக்கும் நீளப் பட்டையைத் தொட்டாள். "இதுக்குக் கீழ இன்னா கீது?"

இத்தனை வருஷத்தில் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. "வெறும் மணல்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பட்டையை மறைத்தேன்.

முதலில் எங்கள் கால்கள் தெரிந்தன. பிறகு மணலில் உன் நிழல். காலை வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறாய். கேமராவைத் தூக்கிப் பிடித்த இரண்டு முழங்கைகள், நடுவில் உன் தலை. அது நீண்டு போய்க் கலாவின் பாதத்தில் விழுந்திருந்தது.

"ஐயோ, அவரு தல மேல கால வெச்சிகினு நிக்கிறேனே" என்றாள். நீ போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இப்போதெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் "சார், ஸ்டார்ட் எங்க?" என்று தேடித் தவிக்கிறார்கள். தவிக்கட்டும். நான் இந்த நாற்காலியில் இருக்கும்வரை உன் மேல் அந்தப் பட்டை ஏறாது. இது சத்தியம்.

கலாவின் அண்ணன்,
உன் மச்சான்,
தனசேகர்