அப்பாவுக்கு வந்த பார்சல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உடம்புக்கு இருவருக்கும் ஒரு குறையும் இல்லை. உன் இருமல் விட்டதா? போனில் பேசலாமே என்பாய். நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து எதையாவது துடைக்க ஆரம்பித்துவிடுகிறார். அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

அப்பாவுக்கு அனுப்பிய பிறந்தநாள் பார்சல் வந்ததா என்று நீ கேட்டபோது இன்னும் வரவில்லை என்றாரே, அது பொய். போன செவ்வாயே வந்துவிட்டது. ஏன் மறைத்தார் என்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள்.

நம் பல் டாக்டர் இருக்கிறாரே, ஊரார் பல்லுக்கெல்லாம் புத்தி சொல்லிவிட்டு என் டீயில் மூன்று கரண்டி சர்க்கரை கேட்பவர், அவரால் ஆரம்பித்தது. ஒரு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் நம் விளையாட்டுக் கடையில் அப்பா ஒரு புதுப் பலகை ஆட்டத்தைப் பிரித்து, காய்களை அடுக்கி, அவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அந்தச் செவ்வாய்க்கு முந்தின சனிக்கிழமை மனிதர் ஜெயித்தார். ஜெயித்த கையோடு, நம் கடை மேஜையில் உட்கார்ந்தபடியே, அதே ஆட்டத்தைப் போனில் ஒரு ஆன்லைன் கடைக்கு ஆர்டர் போட்டார். அதோடு விட்டாரா? பகலில் வீட்டில் ஆள் இல்லை, பார்சல் வந்தால் நீங்களே வாங்கி வையுங்கள் என்றார்.

அப்பா வெடித்துவிட்டார். "கத்துக்கிறது இங்க, வாங்குறது அங்கயா? உங்ககிட்ட வாயைக் காட்டிட்டு, பல்லை வேற எடத்துல போய்க் கட்டிக்கிட்டா நீங்க சும்மா இருப்பீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். இனிமேல் இந்தப் படி ஏற வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். டாக்டர் எழுந்து போனார், கூட ஆடியவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். கத்தியது தப்பு. ஆனால் கேட்டது நியாயம்தானே? மொத்த வியாபாரி நமக்குத் தரும் விலையைவிடக் குறைத்து அங்கே விற்கிறார்கள்.

செவ்வாயன்று கூரியர்காரர் பெட்டியோடு வந்தார். டாக்டருடையதுதான் என்று நினைத்து, இங்கே இறக்காதே, திருப்பிக் கொண்டுபோ என்று அப்பா சத்தம் போட்டார். அந்த மனிதர் மேலே ஒட்டியிருந்த தாளைப் படித்துவிட்டு, "சார், உங்க பேருதான் போட்டிருக்கு. உங்க பொண்ணு அனுப்பியிருக்காங்க" என்றார். கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். அப்பா பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்; அதே ஆன்லைன் கடையின் டேப், மேலே ஆட்டத்தின் பெயர்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை, கண்ணு. அவர் ஆசைப்பட்டு, இந்த விலைக்கு யார் வாங்குவார்கள் என்று கடைக்கு வரவழைக்காமல் விட்ட ஆட்டம் அது. நீ அதை ஞாபகம் வைத்திருந்தாய். ஆனாலும் மளிகைக்கடைக்காரர் வீட்டுக்கு யாராவது எதிர்க்கடையிலிருந்து அரிசி அனுப்புவார்களா?

அன்றிலிருந்து அந்தப் பெட்டி ஒட்டின டேப்போடு நடு மேஜையில் இருக்கிறது. தினமும் தூசி தட்டுகிறார், பிரிப்பதில்லை.

எனக்குக் கவலை வேறு விஷயத்தில். வருகிற சனிக்கிழமை கடைக் கட்டிடத்துக்காரர் பதில் கேட்டு வருகிறார். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, காலி செய்வதா? ஒரு பார்சல் கம்பெனி அந்த இடத்தைக் கிடங்குக்குக் கேட்கிறதாம். நேற்று உன் அப்பா, "என் பொண்ணுக்கே இந்தக் கடை வேண்டாம்னா, ஊருக்கு எதுக்கு?" என்றார். சண்டை போட்டுப் பார்த்தேன். அவர் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்றே கால். கடையை மூடிவிட்டு இந்த மனிதர் காலையில் எழுந்து எங்கே போவார்? எனக்குப் பயமாக இருக்கிறது.

பல்வலி என்று பொய் சொல்லி டாக்டரிடம் போனேன். முகவரியை மாற்றிக் கொடுத்து, அவருடைய பெட்டியும் அவர் வீட்டுக்கே வந்துவிட்டதாம். எல்லோரையும் கூப்பிட்டு அவரே ஆட்டத்தை விளக்கினாராம். ஒருவருக்கும் புரியாமல், விதிப் புத்தகத்தை வைத்துச் சண்டைதான் வந்ததாம். "சார் இல்லாம ஒரு ஆட்டம் முடியலைங்க. ஆனா எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வர்றது?" என்றார். இதை அப்பாவிடம் நான் சொன்னால், ஜோடித்துச் சொல்கிறாய் என்பார். போதாததற்கு டாக்டர் எனக்கு ஒரு சொத்தைப்பல்லையும் கண்டுபிடித்துவிட்டார்.

அதனால் நீதான் பேச வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அப்பாவைக் கடையில் இருக்கும்போது கூப்பிடு. மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதே. கேட்டால், பரவாயில்லம்மா என்று சொல்லி வைத்துவிடுவார், சனிக்கிழமை கடைச் சாவியையும் கொடுத்துவிடுவார். அந்த ஆட்டத்தை எப்படி ஆடுவது, சொல்லுங்கப்பா என்று கேள். பெட்டியைப் பிரிக்காமல் அவரால் சொல்ல முடியாது. சின்ன வயதில் கேட்பாயே, அதேபோல முதலில் யார் ஆடுவது என்பதிலிருந்து கேள். புரிந்தாலும் புரியவில்லை என்று சொல்.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு. அவராக வைக்கிற வரைக்கும் போனை வைத்துவிடாதே.

உன்,
அம்மா