முதலில் யாரிடம் சொன்னாய்

உன் படிவம் இன்று காலை என் கைக்கு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து போனவர்களின் பழைய காகிதங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று அட்டைப்பெட்டிகள். மழைக்காலத்து ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. பிரித்தெடுக்கவே பாதிப் பொழுது போய்விடுகிறது. இரண்டாவது பெட்டியில் பாதியைத் தாண்டியபோது, என் கையெழுத்து கோணல்மாணலாகப் போயிருந்த ஒரு தாள் வந்தது. எங்கள் ஆராய்ச்சிப் படிவங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எண்ணைப் பார்க்கவேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

இரண்டு வருடமாக, இந்தத் தாள் ஒருநாள் திரும்பி வரும் என்று தெரிந்தேதான் இங்கே வேலை பார்க்கிறேன். அதில் நான் ஒரு பொய் எழுதியிருக்கிறேன். மற்றதெல்லாம் சரி. உன் வயது, சிறுநீரகம் எப்போது நின்றது, எத்தனை நாள் இயந்திரத்தில் மூச்சு விட்டாய், கடைசியில் என்ன ஆனாய், எல்லாம் சரி. பதினான்காவது கேள்விதான் பிழை. 'நோயாளி முதலில் யாரிடம் ஆலோசனை கேட்டார்?' 'எவரிடமும் இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டு, கீழே 'தகவல்: தாய்' என்று எழுதியிருக்கிறேன். உன் அம்மாவிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நீ என்னிடம்தான் கேட்டாய்.

திருத்துவதென்றால் உன் அம்மாவுக்குப் போன் எடுக்கவேண்டும். குடும்பத்தாரைக் கேட்காமல் பதிலை மாற்றக்கூடாது. திருத்தாமல் ஏற்றிவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு இதெல்லாம் பிடிக்காது. வெறும் பொறிக்குக்கூட நியாயம் பார்த்தவள் நீ. ஒருமுறை லீவு நாளில் உன்னோடு ஓடைக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? யாரோ வீட்டுத் தொட்டியில் அழகுக்கு வளர்த்து, அலுத்துப்போய் ஓடையில் கொட்டிவிட்டதாக ஊரில் பேசிக்கொண்ட அந்த வெளிநாட்டு இறாலைத் தேடித்தான் போனோம். பெரிய கொடுக்கும் சிவந்த உடம்புமாக, கரையைக் குடைந்து குடைந்து, அங்கிருந்த சின்ன உயிர்களையெல்லாம் தின்றுகொண்டிருந்தது அது. தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் சிங்களத்தில் பொக்கிரிஸ்ஸா என்றார்கள். பெரியவர்கள் கறிக்கு ஆகுமா என்று மட்டும் கேட்டார்கள். நீ கருவாட்டுத் துண்டு கட்டிய பொறிகளை ஒவ்வொன்றாகத் தூக்கினாய். எல்லாம் காலி. கொசுக்கடி தாங்காமல், "ஒன்னுமே இல்லையே, வாடி போவோம்" என்றேன். நீ பென்சிலை நாக்கில் தொட்டு ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் போட்டாய்.

"காலியா இருந்தா காலின்னு எழுதணும்டி. எழுதாம வுட்டா, போய்ப் பாக்கவே இல்லன்னு அர்த்தம்."

கஹவத்தை பஸ்ஸில் அந்தப் பொறிகளோடு ஏறினால் பக்கத்தில் ஒருவரும் உட்கார மாட்டார்கள். கருவாடா கொண்டு போகிறாய் தங்கச்சி என்று கண்டக்டர் சிங்களத்தில் கேட்பார். இல்லை, அதைத் தின்கிறதைக் கொண்டு போகிறேன் என்று நீயும் சிங்களத்திலேயே திருப்பிக் கொடுப்பாய். பஸ்ஸே சிரிக்கும், நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே வகுப்பில் படித்து, ஆளுக்கொரு ஆராய்ச்சியில் கூலிக்கு எண்ணப் போனவர்கள் நாம். "நீ போறவங்கள எண்ணு, நான் வந்து சேந்ததுகள எண்ணுறேன்" என்று என்னைக் கேலி செய்வாய். அப்போது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

கடைசி மாதங்களில் நீ ஓடையை விட்டுக் கைவிடப்பட்ட மாணிக்கக் குழிகளுக்குப் போய்விட்டாய். தண்ணீர் நிறைந்து கிடந்த அந்தக் குழிகளிலும் பொக்கிரிஸ்ஸா வந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும் என்றாய். இடுப்பளவு தண்ணீர். காலில் சிராய்ப்பு ஆறுவதற்குள் அடுத்த சிராய்ப்பு வரும். அது தெரிந்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நீ எனக்குப் போன் எடுத்த அந்த வெள்ளிக்கிழமை மாலை, பஸ் மிதிபலகையில் ஒரு காலை வைத்துத் தொங்கிக்கொண்டு வந்தேன். அன்று மட்டும் மூன்று படிவங்களில் 'இறப்பு' என்று எழுதியிருந்தேன். எனக்கு யார் குரலையும் கேட்கப் பிடிக்கவில்லை. உன் குரலையும்தான்.

"காய்ச்சலா இருக்குடி. காலு ரெண்டும் கடுக்குது. கெண்டக்கால்ல கைய வைக்க முடியல."

"மேடு பள்ளம் ஏறி எறங்குனா கடுக்காம என்னா செய்யும்? பனடோல போட்டுட்டுப் படு. நாளைக்குப் பேசுறேன்."

நாளைக்கும் நான் பேசவில்லை.

நாம் மீ உண என்று சிங்களத்திலேயே சொல்லிப் பழகிய எலிக்காய்ச்சலின் அடையாளங்களை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி, தண்ணீரில் இறங்கிய வேலை. வாரத்துக்கு ஒருவருக்காவது அதை எழுதுகிறேன். ஆனால் நீ 'கடுக்குது' என்றாய். நம் லயத்தில் கால் கடுக்காதவர் யார்? கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பெண்ணும் படியில் உட்கார்ந்து சொல்கிற வார்த்தை அது. பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு, அது என் காதில் விழாமலே போய்விட்டது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

நான்கு நாள் கழித்து உன்னைத் த்ரீவீலரில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கண் மஞ்சளாகியிருந்தது. தண்ணீரில் இறங்கினாளா என்று டொக்டர் கேட்டதற்கு, "தண்ணிதாங்க அவளுக்கு வேலையே" என்றார் உன் அம்மா. நீ என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாய். அதற்குப் பிறகு நீ பேசவில்லை. உன் கட்டிலருகே நின்று, மற்ற நோயாளிகளுக்கு எழுதுவதைப்போலவே உனக்கும் தினம் எழுதினேன். எட்டாம் நாள் கடைசிக் கேள்விக்கும் பதில் எழுதினேன்.

சாவு வீட்டில் உன் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ அங்க இருக்கப்போயிதான் புள்ள அவள நல்லா பாத்தாங்க" என்றார். அந்தக் கையை விடுவித்துக்கொண்டு வந்தவள்தான், இன்னும் உன் வீட்டுப் படி ஏறவில்லை. அவர் போன் எடுத்தால் வேலை என்பேன். தீபாவளிக்குக் கூப்பிட்டார், அப்போதும் வேலை என்றேன். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

இன்று பின்னேரம், கொழுந்து நிறுத்து முடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"என்னா புள்ள, அதிசயமா இருக்கு" என்றார்.

"அம்மா, ஒன்னு சொல்லணுங்க. அவ காய்ச்சல் வந்தன்னிக்கே எனக்குப் போன் எடுத்தா. கால் கடுக்குதுன்னு சொன்னா. நான் பனடோல் போட்டுட்டுப் படுன்னு சொல்லிட்டேன். எனக்குத் தெரிஞ்சிருக்கணுங்க. அத இத்தன நாளா ஒங்ககிட்ட மறைச்சுட்டேன்."

அந்தப் பக்கம் கூடையை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"தெரியும் புள்ள. போன வச்சதும் சொன்னாளே. அவளும் அதையேதான் சொல்றான்னு சொன்னா."

"அவளுமா?"

"மொதல்ல எங்கிட்டதானே சொன்னா. மத்தியானமே சொன்னா. தைலம் போட்டுத் தேச்சு வுட்டேன், தொட்டதுக்கே கத்துனா. முப்பது வருசமா மலைக்குப் போறேன், எனக்கு வராத கடுப்பாடி ஒனக்கு வந்துருச்சின்னு ஏசுனேன். அதுக்கப்பறந்தான் ஒனக்குப் போன் எடுத்தா." மூச்சு வாங்கினார். "நீ ஏன் வூட்டுக்கு வரலன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அவ ஒங்கிட்ட அதச் சொல்லிட்டாளோ, அதான் எம் மொகத்தப் பாக்கப் புடிக்கலயோன்னு."

இரண்டு வருடம், நான் அவருக்கு ஒளிந்திருந்தேன். அவரும் என்னிடம் ஒன்றை ஒளித்து வைத்திருந்திருக்கிறார். எதற்காக இதை இப்போது சொல்கிறாய் என்றார். படிவத்தைப் பற்றிச் சொன்னேன், அந்தக் கேள்வியை அப்படியே வாசித்துக் காட்டினேன்.

"அப்ப, நான் ஏசுனதையும் எழுதணுமா?"

"இல்லீங்கம்மா. யாருகிட்ட சொன்னான்னு மட்டுந்தாங்க."

"எம்பேரு வருமா?"

"வராதுங்க."

"சரி, எழுது." பிறகு, "ஞாயித்துக்கெழம லீவுதானே, வா" என்றார். வருகிறேன் என்றேன். இந்த முறை அது பொய்யில்லை.

பழைய கோட்டை அடித்துவிட்டுச் சரியான கட்டத்தைத் தேடினேன். வைத்தியர், மருந்துக்கடை என்று வரிசையாகப் போய், நாலாவதாக 'உறவினர் அல்லது நண்பர்' என்று இருக்கிறது. இத்தனை வருடம் இந்தப் படிவத்தை நிரப்புகிறேன், அந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கட்டம்தான் என்பது இன்றைக்குத்தான் மனதில் பட்டது. உன் அம்மாவுக்கும் எனக்குமாக ஒரு கோடு போட்டேன். பாரம் குறைந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இனி இரண்டு பேராகத் தூக்குவோம், அவ்வளவுதான்.